மார்பில் ஒரு கட்டி: செபமும் சத்திரசிகிச்சையும்



இலங்கைப் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். எனினும் எம் வீடுகளில் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்வோர் சிலரே. "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். குளிக்கும்போது ஒரு தாயின் கையில் கட்டி தட்டுப்படுகிறது. நோவில்லை. ஆகவே பாரதூரமில்லை என்றெண்ணி, மகளின் சோதனை முடியட்டும், கோவில் திருநாள் முடியட்டும் என்று நாளைக் கடத்துகிறாள். இந்நோயோ பெரும்பாலும் நோவின்றியே தொடங்குகிறது.

ஆரம்பநிலை என்றால் என்ன? கட்டி மார்புக்குள்ளேயே அடங்கியிருக்கும், அல்லது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் சிலவற்றை மாத்திரம் எட்டியிருக்கும் நிலையே அது. முதலாங் கட்டத்தில் கட்டி 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாது; ஒரு சிறு நெல்லிக்காயளவுதான். மார்போடு அடங்கிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால், நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் 5 ஆண்டுகளின் பின்னும் உயிர்வாழ்கின்றனர். அத்துடன், மார்பில் தோன்றும் கட்டிகளில் அதிகமானவை புற்றுநோயே அல்ல. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். பக்கத்து வீட்டார் அல்லர்.

கட்டி மட்டுமல்ல, தோல் தோடம்பழத் தோல்போல் குழிவிழுவதும், முலைக்காம்பு புதிதாக உள்ளிழுக்கப்படுவதும், அதிலிருந்து இரத்தம் கசிவதும் காட்டவேண்டிய அடையாளங்களே.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சு எம்மிடையே வேரூன்றியுள்ளது. இது ஆதாரமற்றது. ஊசியால் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பதாலேயே நோயின் தன்மையை அறியமுடிகிறது. மார்பு முழுவதையும் அகற்றவேண்டுமென்ற பயமும் எல்லாருக்கும் பொருந்தாது. 1970களில் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் தொடங்கிய இரு ஆய்வுகளின் 20 வருட முடிவுகள் 2002ல் வெளியாயின. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களும், மார்பு முழுவதையும் இழந்தவர்களும் ஒரேயளவு காலம் வாழ்ந்தனர் என்பது அவற்றால் தெளிவாயிற்று. எவருக்கு எது ஏற்றதென்பது கட்டியின் அளவையும் இடத்தையும் பொறுத்தது.

இனி விசுவாசத்துக்கு வருவோம். "நான் என்ன பாவஞ் செய்தேன்?" என்று கேட்பவருக்கு யோவான் நற்செய்தியின் 9ம் அதிகாரத்தைக் காட்டுவோம். பிறவிக் குருடனின் நிலைக்கு அவனது பாவமோ பெற்றோரின் பாவமோ காரணமல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். மருதமடு அன்னைக்கு நேர்த்தி வைப்பது நல்லதே. ஆனால் நேர்த்தி முடியும்வரை வைத்தியரிடம் போகாதிருப்பது பக்தியல்ல. சீராக் ஆகமம் 38ம் அதிகாரம் நோயாளியைச் செபிக்கச் சொல்கிறது. அதே மூச்சில் வைத்தியருக்கு இடங்கொடுக்கவும் சொல்கிறது, அவரையும் படைத்தவர் ஆண்டவரே என்பதால். வேதசாட்சியான புனித ஆகத்தம்மாளை இந்நோயாளரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றுகிறது. பகைவர் அவளது மார்பை அறுத்தனர் என்பது பாரம்பரியம். மார்பை இழந்தவள் எவ்வகையிலும் குறைந்துபோனவளல்லள் என்பதற்கு, பெப்ரவரி 5ந் திகதி நாம் கொண்டாடும் அவளது திருநாளே போதும்.

கணவன்மாருக்கும் ஒரு சொல். சத்திரசிகிச்சையின் பின் மனைவி கண்ணாடியைப் பார்க்கத் தயங்குவாள். உங்கள் முகத்தையோ கவனித்துப் பார்ப்பாள். கிளினிக்குக்கு அவளைத் தனியே பஸ்ஸில் அனுப்பாதீர்கள்.

நோயிற்பூசுதல் பற்றியும் சொல்லவேண்டும். "அவஸ்தைப்பூசுதல்" என்ற பழைய பெயரால், குருவானவர் எண்ணெயோடு வந்தால் மரணம் நெருங்கிவிட்டதென்று இன்னும் சிலர் நடுங்குகின்றனர். 1972ல் பாப்பரசர் 6ம் சின்னப்பர் இத்திருவருட்சாதனத்தின் சடங்குமுறையைப் புதுப்பித்தார். பாரதூரமான நோய்க்காகச் சத்திரசிகிச்சை பெறப்போகிறவர், நடமாடித் திரியும் நிலையிலேயே இதைப் பெறலாம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பங்குக்குருவிடம் தயங்காது கேளுங்கள்.

கட்டியொன்றும் தென்படாதவர்களும் மாதம் ஒருமுறை, மாதவிடாய் முடிந்து சில நாட்களின் பின், தம்மைத் தாமே தடவிப் பார்க்கப் பழகவேண்டும். இம்முறையைச் சுகவனிதையர் கிளினிக்கில் கற்றுக்கொள்ளலாம். அங்கு மார்பைப் பரிசோதிப்பதும் இலவசமே. உங்கள் பகுதியில் கிளினிக் நடைபெறும் நாளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள்.