காந்த மென்படலமும் ஒளியும்: ஓர் ஆய்வு தரும் பாடம்

அடிப்படை ஆய்வுக்குச் செலவிடப்படும் பணம் எப்பொழுது, எவ்வடிவில் பயனாகத் திரும்புகிறது என்பது திட்டமிடுவோர் அனைவரும் எதிர்கொள்ளும் வினாவாகும். பொதுவிதிகளைக் காட்டிலும் ஒரு துறையின் வரலாறே இதற்குத் தெளிவான விடை தரும். காந்த மென்படல ஆய்வு அத்தகைய துறைகளுள் ஒன்று. லூதியானாவில் பிறந்து, கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உலோகவியல் பயின்ற பிரவீண் சௌதரி இத்துறையில் ஆற்றிய பணி நம் கருத்துக்கு உரியது.

இரு விளைவுகள்

1820-களில் ஒளியியல் கருவிகளுக்கு ஏற்ற சிறந்த கண்ணாடி செய்யும் பணி பிரிட்டனில் மைக்கேல் ஃபாரடேயிடம் ஒப்படைக்கப்பட்டது. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. கனமான ஈயக் கண்ணாடித் துண்டுகளே எஞ்சின. அக்கண்ணாடியையே 1845-இல் அவர் காந்தப் புலத்தில் வைத்து ஒளியைச் செலுத்தியபோது, ஒளியின் அதிர்வுத் தளம் சற்றுத் திரும்பக் கண்டார். காந்தத்தின் மெருகேறிய பரப்பில் பட்டு மீளும் ஒளியிலும் இத்தகைய மாற்றம் நிகழ்வதை 1870-களில் கிளாஸ்கோ ஆசிரியர் ஜான் கெர் கண்டறிந்தார். காந்தத்தின் திசை மாறினால் தளம் திரும்பும் திசையும் மாறும். எனவே, காந்தத்தைத் தொடாமலேயே அதன் திசையை ஒளியினால் படித்தறிய இயலும்.

படலத்தின் சிக்கல்

தகவலைப் பதிய இம்முறையைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது பின்னரே. 1957-இல் பெல் ஆய்வுக்கூடத்தினர் மாங்கனீஸ்-பிஸ்மத் படலத்தில் காந்தப் பதிவு செய்து காட்டினர். ஆனால் அப்படலம் நுண்படிகங்களால் ஆனது. படிக எல்லைகளில் ஒளி சிதறி, படிக்கும் குறிகளில் இரைச்சல் மிகுந்தது. மேலும், சாதாரணக் காந்தப் படலங்களில் காந்தத் திசை படலத்தின் தளத்திலேயே கிடைமட்டமாகப் படியும். பதிவுகளை நெருக்கமாக அமைப்பதற்கோ அது செங்குத்தாக நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வுக்கூடத்தில் சௌதரி, ஜெரோம் கியூமோ, ரிச்சர்ட் காம்பினோ ஆகிய மூவரும் 1973-இல் வெளியிட்ட முடிவு இவ்விரு தடைகளையும் ஒருங்கே நீக்கிற்று. வெற்றிடக் கலத்தில் அயனிகளை மோதச் செய்து, கடோலினியம், கோபால்ட் அணுக்களைப் பெயர்த்து ஒரு பரப்பில் படியவைத்தனர். உருவான படலத்தில் படிக ஒழுங்கு இல்லை. ஆகவே படிக எல்லைகளும் இல்லை. ஒழுங்கற்ற பொருளில் திட்டமான காந்தத் திசை அமைவது அரிது என்று கருதப்பட்டதற்கு மாறாக, அதன் காந்தத் திசை செங்குத்தாகவே நின்றது.

செயல்முறை எளிது. லேசர் கதிர் ஒரு சிறு புள்ளியைச் சூடாக்கும். சூடான இடத்தில் காந்தத்தின் எதிர்ப்பு குறையும். வெளிக் காந்தப் புலம் அதன் திசையைத் திருப்பும். ஆறியதும் பதிவு நிலைபெறும். படிக்கும்போது வலுக்குறைந்த லேசர் போதுமானது. தளம் திரும்புவது ஒரு டிகிரிக்கும் குறைவே எனினும் கருவி அதனை உணரும்.

பயனும் காலமும்

ஆய்வு முடிவுக்கும் சந்தைக்கும் இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1980-களின் இறுதியில், டெர்பியம் கலந்த படலங்களைக் கொண்ட, அழித்து எழுதத்தக்க தட்டுகள் விற்பனைக்கு வந்தன. மூவருக்கும் 1995-இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது. பின்னர் மலிவான பிற நினைவகங்கள் வந்தன, இத்தட்டுகள் வழக்கொழிந்தன.

எனினும் ஆய்வு வீணாயிற்று எனல் பொருந்தாது. சூடாக்கி எழுதும் அதே கோட்பாடு இன்று பெருங்கொள்ளளவு வன்தட்டுகளில் மீண்டும் இடம்பெற்றுள்ளது. ஃபாரடே விளைவோ, ஒளியிழைத் தொடர்பில் ஒளி திரும்பிவந்து லேசரைத் தாக்காமல் காக்கும் கருவிகளில் பணிபுரிகிறது. பொருள் மறையினும் அறிவு நிற்கிறது.

நமக்குரிய பாடம்

சௌதரிக்கு நாம் கல்வி அளித்தோம்; ஆய்வின் பயன் வேறிடத்தில் விளைந்தது. திறமையாளர் வெளியேறியதை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறுதல் போதாது. வெவ்வேறு பயிற்சி பெற்ற மூவர் ஒரே மேசையில் பணியாற்றும் வாய்ப்பு, படலம் படியவைக்கும் கருவிகள், பதினைந்தாண்டு காத்திருக்கும் தொழில் நிறுவனம் ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே அமைந்திருந்தன.

2020-21-இல் நம் நாட்டின் ஆய்வுச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, அதில் தனியார் தொழில்துறையின் பங்கு ஏறத்தாழ 36 விழுக்காடே. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்திற்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டு, அதன் பெரும்பகுதி அரசு சாரா மூலங்களிலிருந்து எதிர்பார்க்கப்பட்டது. தொகையைத் திரட்டுவது முதற்படி மட்டுமே. மூன்றாம் ஆண்டிலேயே விற்பனைக்குரிய பொருளைக் கேட்கும் மதிப்பீட்டுமுறை நீடித்தால், 1973-இன் கடோலினியம் படலம் போன்ற முயற்சி எதுவும் நம் கோப்புகளைத் தாண்டாது. ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் அலுவலர், ‘எப்பொழுது பொருள் வரும்?’ என்று கேட்குமுன், ‘இதனால் எத்தகைய திறன் நம்மிடம் நிலைபெறும்?’ என்று கேட்பது நன்று.