மென்பொருள் ஆய்வில் தொழிலகமும் பல்கலைக்கழகமும்

பாலம் அமைக்கும் பொறியாளர் இரும்பின் வலிமையை அட்டவணையில் பார்த்துக் கொள்கிறார். மென்பொருள் எழுதுவோர்க்கு அத்தகைய அட்டவணை நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஆயிரம் வரி நிரலில் எத்தனை பிழை இருக்கும், எம்முறையால் அது குறையும் என்னும் வினாக்களுக்கு மூத்தோர் கருத்தே விடையாக இருந்தது. பல்கலைக்கழகம் தனித்து நின்று இக்குறையைத் தீர்க்க இயலாது. வகுப்பறைப் பயிற்சிக்கென எழுதும் சிறு நிரல் வேறு. செயற்கைக்கோளுக்கென எழுதும் நிரல் வேறு.

இதனை உணர்ந்து 1976இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றதே மென்பொருட் பொறியியல் ஆய்வகம். நாசாவின் கோடார்டு விண்வெளி மையம், மேரிலாந்துப் பல்கலைக்கழகம், கம்ப்யூட்டர் சயன்சஸ் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் ஆகிய மூன்றும் இதில் இணைந்தன. செயற்கைக்கோளின் பாதையைத் தரையிலிருந்து கணிக்கும் நிரல்களை எழுதியோர், செலவான நேரத்தையும் நேர்ந்த பிழையையும் படிவங்களில் குறித்தளித்தனர். (வேலை மிகுந்த நாளில் படிவம் நிரப்புவது யாருக்குத்தான் உவக்கும்!) பேராசிரியர் விக்டர் பாசிலியும் அவருடன் பணியாற்றியோரும் அவற்றை ஆராய்ந்தனர். கண்டதையெல்லாம் அளந்து குவிப்பதில் பயனில்லை; முதலில் இலக்கு, அதிலிருந்து வினா, வினாவிற்கு விடை தரும் அளவு என்னும் நெறி இப்பணியினூடே உருவாயிற்று.

பாசிலியும் ரிச்சர்டு செல்பியும் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. பிழை காணும் முறைகள் மூன்றை அவர்கள் ஒப்பிட்டனர். நிரலை இயக்காமல் வரிவரியாக வாசிப்பது ஒன்று; தமிழ் பயில்வோர் இதனை மெய்ப்புத் திருத்துவதோடு ஒப்பிட்டு உணரலாம். நிரலின் உள்ளமைப்பைப் பாராது, அது செய்ய வேண்டியதைச் செய்கிறதா என்று இயக்கிப் பார்ப்பது மற்றொன்று. உள்ளமைப்பின் ஒவ்வொரு பகுதியும் இயங்குமாறு சோதிப்பது மூன்றாவது. பங்கேற்ற 74 பேரில் 32 பேர் தொழில்முறை நிரலாளர், ஏனையோர் மாணவர். நிரலாளரிடையே வாசிப்பு முறையே மிகுதியான பிழைகளைக் காட்டிற்று. மாணவர் குழுக்களில் அம்மேன்மை தோன்றவில்லை. மாணவரை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் முடிவு பிழைபட்டிருக்கும் அன்றோ! இன்னொரு வியப்பும் உண்டு. சோதனை முடிந்த பின்னரும், இயக்கிப் பார்ப்பதே சிறந்தது என்று பங்கேற்றோரில் பெரும்பாலோர் நம்பினர். கண்ணெதிரே கிடைத்த அளவும் நெடுநாள் நம்பிக்கையை எளிதில் அசைக்கவில்லை.

எனினும் பலன் பொய்க்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் ஆயிரம் வரிக்குச் சராசரி 4.5 ஆக இருந்த பிழை, 1990களின் தொடக்கத்தில் 1 ஆகக் குறைந்தது. 1994இல் ஐ.இ.இ.இ. கணிப்பொறிக் கழகத்தின் விருதும் கிட்டிற்று.

பின்னர் கூட்டாளிகளின் நோக்கங்கள் வெவ்வேறு திசையில் செல்லத் தொடங்கின. நிதியும் சுருங்கிற்று. கால் நூற்றாண்டு நிலைத்த கூட்டு முயற்சி தளர்ந்தது. அதன் எழுச்சியையும் வீழ்ச்சியையும், அதில் உழைத்தோரே 2002இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதி அறிஞர் மாநாட்டில் அளித்தனர்.