அரக்குப் பட்டும் ஜேபெக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரகடத்தில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே, ஞாயிறுகளில் படப்பை மண்டபங்களில் படமும் எடுக்கிறாய் என்பதில் மிகுந்த மகிழ்ச்சி. அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மணப்பெண்ணின் அரக்குப் பட்டு வெறும் சிவப்புத் திட்டாக நிற்கிறது. மடிப்பும் இல்லை, புட்டாவும் இல்லை. லென்ஸ் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கேமராவின் மெனுவைத் திற.

14 பிட் ரா கோப்பில் ஒரு புள்ளிக்கு 16,384 படிகள் வரை உண்டு. நீ எடுக்கும் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256தான். எது தங்கும், எது போகும் என்பது நீ மெனுவில் வைத்த அளவுகளைப் பொறுத்தது, போனது திரும்பாது. பிரஸ் ஷாப்பில் தகடு அழுந்தியபின் டையைத் திருத்திப் பயனில்லை என்பது உனக்குத் தெரியாததா?

கேனானில் பிக்சர் ஸ்டைல், நிக்கானில் பிக்சர் கண்ட்ரோல். இரண்டிலும் நியூட்ரல் இருக்கிறது. பட்டுக்கு அதுதான் என் தேர்வு. விவிட் பக்கமே போகாதே. சாச்சுரேஷனைக் கூட்டினால் முதலில் நிரம்பி வழிவது சிவப்பு. மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் அது இன்னும் சீக்கிரம் வழியும். ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பார். வலது ஓரத்தில் முட்டி நின்றால் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் குறை. ஷார்ப்னஸை ஏற்றினால் ஜரிகை ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். நாய்ஸ் ரிடக்‌ஷனை ஏற்றினால் மாப்பிள்ளையின் கன்னம் மெழுகாகிவிடும். இரண்டையும் குறைத்தே வை.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மேடையில் படத்துக்குப் படம் மாறும். வீடியோ லைட் போட்டதும் ஒரு சாம்பல் நிற அட்டையைக் காட்டி கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொள். மாப்பிள்ளையின் வேட்டியைக் காட்டிவிடாதே; நீலம் போட்டு வெளுத்த வேட்டி கேமராவை ஏமாற்றி, படத்தில் மஞ்சள் ஏற்றிவிடும்.

தரம் ஃபைன், கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பு. போட்டோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை சுருக்கும்.

முகூர்த்த நேரத்தில் மட்டும் ரா, ஜேபெக் இரண்டும் பதிவாகும்படி வைத்துக்கொள். கார்டில் இடம் போனால் போகட்டும். தாலி கட்டுவதை யாரும் உனக்காக இன்னொரு முறை செய்து காட்ட மாட்டார்கள்.

அன்புடன்,
அண்ணன்