தன்னந்தனியாக யாரும் கரையேறவில்லை

பள்ளி ஆண்டு விழா என்றால் "அவரால் முடிந்தது, உன்னால் முடியாதா?" என்ற பேச்சு தவறாது. சாதித்தவர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாதிக் கதை சோர்ந்த பிள்ளையை இன்னும் சோரவைக்கும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கதைகள் மூன்றை முழுசாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: மன உறுதி ஒன்றே போதும்.
உண்மை: 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியிடம் உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் பருவமடைந்து பள்ளி நின்றதும் வீட்டிலேயே படிப்பைத் தொடரச் செய்தவர் அப்பா நாராயணசாமி. ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்பியபோது, சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1912-ல் முத்துலட்சுமி டாக்டரானதில் இந்த இருவருக்கும் பங்குண்டு.

நம்பிக்கை: நல்ல கதையைக் கேட்டாலே தைரியம் வந்துவிடும்.
உண்மை: 1991-ல் இங்கு அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். கல்குவாரித் தொழிலாளிகள் உட்பட லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஊரே சேர்ந்து மிதித்தபோது கேலி எடுபடவில்லை.

நம்பிக்கை: அடிபட்டால்தான் பிள்ளை தேறும்.
உண்மை: கத்தக்குறிச்சி செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பின்னர் சூளைக் கூலிக்கே போக நேர்ந்தது. அந்த அடி அவரை ஒடுக்கத்தான் பார்த்தது. பயிற்சியாளர் படிப்பும் அரசு வேலையும் கிடைத்த பிறகே காலூன்றினார்.

ஆய்வும் இதையே சொல்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் கவனித்துவந்தார். மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தலையெடுத்தார்கள். பாட்டியோ ஆசிரியரோ, அக்கறையுள்ள ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார்.

ஆகவே கதையை முடித்ததும் வகுப்பில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இவருக்குக் கைகொடுத்தது யார்? உனக்கு ஒரு கஷ்டம் என்றால் யாரிடம் போவாய்? கட்டணமில்லாத 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பலகையில் எழுதிப்போடுங்கள். இரண்டாவது கேள்விக்கு எந்தப் பிள்ளை விழிக்கிறதோ, அந்தப் பிள்ளையிடம் மணியடித்த பிறகு தனியாகப் பேசுங்கள்.