டிப்ரஷனுக்கு ஒரு ஹெட்செட்

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கிய நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னை வீட்டிற்கு அழைத்தார். மானிட்டரில் ஒரு சர்க்யூட் படம். 9 வோல்ட் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், இரண்டு ஸ்பாஞ்ச். இதை நெற்றியில் கட்டிக் கொண்டால் டிப்ரஷன் சரியாகிவிடும் என்று போட்டிருந்தது. "பேட்டரி வாங்கிட்டேன் சார். நீங்க கொஞ்சம் வயரிங் மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார். கல்லூரி முடித்த அவருடைய மகள் பல மாதங்களாக அறையை விட்டே வருவதில்லை. வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு விளக்கியதை உங்களுக்கும் தருகிறேன்.

இந்த முறைக்கு டி.டி.சி.எஸ். என்று பெயர். தலையில் இரண்டு எலெக்ட்ரோடுகளை வைத்து, சுமார் 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை அரை மணி நேரம் வரை செலுத்துகிறார்கள். 2 ஆம்பியர் தரும் செல்போன் சார்ஜருடன் ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்குதான். மயக்க மருந்து கொடுத்து வலிப்பை உண்டாக்கும் ஷாக் ட்ரீட்மெண்ட் வேறு, இது வேறு. இடது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி டிப்ரஷனில் மந்தமாகி விடுவதாகக் கருதப்படுகிறது. அதை லேசாகத் தூண்டுவதே நோக்கம்.

இதற்கென வீட்டு ஹெட்செட்டும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ளோ நிறுவனத்தின் ஹெட்செட் 2019ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. செல்போனில் உள்ள அப்ளிகேஷன் மூலம் இயங்குகிறது.

பலன் உண்டா? 2024ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பிரிட்டன், அமெரிக்காவைச் சேர்ந்த 174 பேர் 10 வாரம் ஹெட்செட் அணிந்தனர். பாதிப் பேருக்குத் தரப்பட்டது ஏமாற்று ஹெட்செட். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் சிறிது மின்சாரம் தரும். உண்மையான ஹெட்செட் அணிந்தவர்களில் 44.9 சதவீதத்தினர் நோய்க்குறிகள் பெருமளவு நீங்கிய நிலைக்கு வந்தனர். மற்ற பிரிவில் 21.8 சதவீதம். ஆனால் அதே ஆண்டில், பிரேசிலில் 210 பேரிடம் நடந்த இன்னொரு வீட்டு ஆய்வில் அப்படி வித்தியாசமே இல்லை! முதல் ஆய்வில் வீடியோ மூலம் கண்காணித்தார்கள். பிரேசிலில் அது இல்லை. அதுதான் காரணமா என்பது நிரூபிக்கப்படவில்லை. எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது.

சரி, வீட்டில் செய்யும் சர்க்யூட்டில் என்ன கெடுதல்? ஸ்பாஞ்ச் காயும்போது ரெசிஸ்டன்ஸ் மாறும். தரமான கருவி மின்சாரத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். தொடர்பு சரியில்லை என்றால் நின்றுவிடும். பேட்டரிக்கு இதெல்லாம் தெரியாது. மின்சாரம் ஒரே புள்ளியில் குவிந்தால் தோல் வெந்துவிடும். ஜெர்மனியில் முறையாக நடந்த ஒரு வீட்டு ஆய்வே தோல் புண்களால் பாதியில் நிறுத்தப்பட்டது. இடம் மாறி வைத்தால் மூளையில் எந்தப் பகுதியைத் தூண்டுகிறோம் என்பதும் தெரியாது.

நண்பர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு 14416 என்ற அரசின் இலவச டெலிமானஸ் எண்ணுக்கு அங்கேயே போன் செய்தார். இப்போது மகள் டாக்டரிடம் போய் வருகிறாள். அந்த 9 வோல்ட் பேட்டரி என் மல்டி மீட்டரில் இருக்கிறது.