மேஜைப் பந்தாட்டம் சோறு போடுமா?

"பிள்ளை நன்றாகத்தான் விளையாடுகிறான். ஆனால் விளையாட்டு சோறு போடுமா?" நம்மிடையே இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. ஊரை விட்டு வந்து மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இது நியாயமான கவலையே. விடை தேட, மேஜைப் பந்தாட்ட வீரர் அசந்தா சரத் கமலின் வாழ்க்கையை இந்த இதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சரத் 1982-இல் பிறந்தவர். சென்னையில் வாழும் தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை சீனிவாச ராவும், அவருடைய சகோதரர் முரளிதர ராவும் பயிற்சியாளர்கள். எனவே மட்டை சிறு வயதிலேயே கைக்கு வந்தது. ஆனாலும் முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 2003-இல்தான். 2006-இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார்.

வருவாய் எங்கிருந்து?

இந்த ஆட்டத்தில் கிரிக்கெட் அளவுக்குப் பணம் இல்லை. பரிசுத் தொகையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். ஆகவே நம் நாட்டு வீரர்கள் பலர் ரயில்வேயிலோ பொதுத்துறை நிறுவனங்களிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெறுகிறார்கள். சரத்துக்கு இந்தியன் ஆயில் நிறுவனம் வேலை தந்தது. இரண்டாவது வழி, வெளிநாட்டுக் கிளப்புகள். ஜெர்மனியின் புண்டஸ்லீகா போட்டியில் கிளப்புகள் வீரர்களை ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. சரத்தும் அங்கே ஆடினார். ஊதியத்தோடு, தம்மைவிடத் தேர்ந்தவர்களுடன் தினமும் பயிற்சி செய்யும் வாய்ப்பும் கிடைத்தது. பாஷையும் சாப்பாடும் வேறான ஊரில் பிழைப்பது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை!

மாறிய விதிகள்

சரத் ஆடக் கற்றபோது பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டர். ஓர் ஆட்டத்துக்கு 21 புள்ளிகள். 2000-இல் பந்து 40 மில்லிமீட்டர் ஆயிற்று. அதன் வேகமும் சுழற்சியும் குறைந்தன. 2001-இல் புள்ளிகள் 11 ஆகக் குறைந்தன. தொடக்கத்தில் பின்தங்கினால் மீள அவகாசம் இல்லை. ரப்பருக்குக் கூடுதல் துள்ளல் தந்த ரசாயனப் பசை, அதன் ஆவி உடலுக்குக் கெடுதல் என்பதால் 2008-இல் தடை செய்யப்பட்டது. 2014-இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொரு முறையும் கையில் ஊறிப்போன வீச்சைத் திருத்திப் பழக வேண்டும். தம் தொழிலில் புதிய இயந்திரம் வந்தால் மறுபடி மாணவராகும் எவருக்கும் இது புரியும்.

சறுக்கலும் ஏற்றமும்

2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு அவர் தகுதி பெறவில்லை. 2015-இல் தொடைத் தசையில் கடுமையான காயம். அதோடு முடிந்தது என்று பலர் நினைத்திருக்கலாம். ஆனால் 2018 ஆசியப் போட்டியில் ஆடவர் குழுவிலும், மணிகா பத்ராவுடன் கலப்பு இரட்டையரிலும் வெண்கலம் வென்றார். மேஜைப் பந்தாட்டத்தில் இந்தியா பெற்ற முதல் ஆசியப் போட்டிப் பதக்கங்கள் இவை. 2022-இல் தேசியப் பட்டம் பத்தாவது முறையாக அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு, 40 வயதில், பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். அவற்றில் ஒன்று ஒற்றையர் தங்கம். மெல்போர்ன் வெற்றிக்கு 16 ஆண்டுகள் கழித்து! 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சிந்துவுடன் தேசியக் கொடி ஏந்தினார். 2025 மார்ச்சில், சென்னையிலேயே கடைசிப் போட்டியை ஆடி ஓய்வு பெற்றார்.

எல்லாப் பிள்ளைகளும் சரத் ஆகிவிட முடியாது. படிப்பை நிறுத்திவிட்டு மட்டையைப் பிடிக்கச் சொல்வதும் நம் நோக்கமல்ல. சோறு போடுமா என்றால், போடும். ஆனால் பெரும்பாலும் ஒரு வேலையின் துணையோடு, பல ஆண்டுப் பொறுமைக்குப் பிறகே.

வீட்டில் கலந்து பேச:
1. நம் பிள்ளை தோற்ற மறுநாளும் பயிற்சிக்குத் தானாகவே கிளம்புகிறதா?
2. படிப்புக்கும் பயிற்சிக்கும் நேரம் எப்படிப் பிரிப்பது?
3. எந்தெந்த நிறுவனங்களில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு என்று விசாரித்தோமா?