நடு லேனில் நடந்து போகிறவர்

இரவு பதினொன்றரை மணி. டோட்டா 2 என்ற ஆன்லைன் அணி விளையாட்டில் ரேங்க் ஆட்டம், இருபதாவது நிமிடம். உங்கள் அணியில் ஒருவர் கையிலிருந்த ஐட்டங்களையெல்லாம் விற்றுவிட்டு, நடு லேன் வழியாக எதிரிக் கோட்டையை நோக்கி நேராக நடக்கிறார். சாகிறார். உயிர் வந்ததும் மறுபடி அதே பாதையில் நடக்கிறார். போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் இதைச் சொல்லிப் புலம்பினார். "அண்ணே, இவனுங்கள என்னதான் பண்றது? நாப்பது நிமிஷம் என் உயிர் போகுது." அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர் வேண்டுமென்றேதான் தோற்கிறாரா என்று பாருங்கள். மோசமாக ஆடுவது வேறு, 'த்ரோ' பண்ணுவது வேறு. ஒரு கொலைகூட இல்லை, ஒன்பது சாவு என்ற கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. புது ஹீரோவை முதன்முதலாக எடுத்தவருக்கும் அதே கணக்குதான் வரும், இணைப்பின் தாமதம் 300 மில்லி விநாடியைத் தாண்டித் திணறுபவருக்கும் அதே கணக்குதான். வேண்டுமென்றே தோற்பவரின் லட்சணம் வேறு: ஒரு ஸ்கில்லைக்கூட அடிக்காமல் எதிரிக் கூட்டத்துக்குள் போவார், ஐட்டங்களை விற்பார், நீங்கள் ஒளிந்திருக்கும் இடத்தை எதிரணியும் படிக்கிற சாட்டில் போட்டுக்கொடுப்பார்.

ஹீரோ அசையாமல் நிற்கிறதா? கரண்ட் போயிருக்கலாம். ஒரு மழை இரவில் என் ஹீரோ சிலைபோல் நிற்க, நான் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது அணியின் மற்ற நான்கு பேரும் எனக்கு வைத்திருந்த பெயர்களை இந்தப் பத்தியில் அச்சிட முடியாது. ரௌட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள். டோட்டாவில் இணைப்பு அறுந்து ஐந்து நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் ஆட்டத்தைக் கைவிட்டதாகவே கணக்கு.

சரி, வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று உறுதியாகிவிட்டது. ஏன் செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் செய்ய வேண்டியதும் மாறும்.

அதிகம் பார்க்கக்கூடியது மாப்பிள்ளை முறுக்கு. கேட்ட லேன் கிடைக்கவில்லை, மிட் ஹீரோவை இன்னொருவர் எடுத்துவிட்டார், முதல் சாவிலேயே யாரோ 'நூப்' என்று எழுதினார், அவர் தலைக்கு மேல் பத்துத் தடவை 'பிங்' என்ற சமிக்ஞையை அடித்தார்கள். முறுக்கிக்கொண்டார். இதே ரக விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸை நடத்தும் ரையட் கேம்ஸ் தன் ஆட்டக்காரர்களின் நடத்தையைப் பல ஆண்டுகள் அலசியது. எப்போதும் மோசமாக நடப்பவர்கள் ஏறத்தாழ 1 சதவீதம்தான், ஆட்டத்தில் நடக்கும் அட்டூழியத்தில் அவர்கள் பங்கு சுமார் 5 சதவீதம்தான் என்று அதில் தெரிந்தது. மீதியெல்லாம் மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடும் சாதாரண ஆட்கள் செய்தவை. ஆபீஸில் திட்டு வாங்கியவர், அரியர் விழுந்தவர், அதற்கு முந்தைய ஆட்டத்தில் வேறு யாரோ த்ரோ பண்ணியதால் தோற்றவர்.

இவரைத் திருப்பிக்கொண்டுவர முடியும், ஆனால் நேரம் குறைவு. ஐட்டங்களை விற்கத் தொடங்கிய பிறகு கஷ்டம். "எனக்கு ஆட இஷ்டமில்லை" என்ற முதல் முணுமுணுப்பிலேயே பிடித்துவிட வேண்டும். நியாயம் பேசாதீர்கள். யார் முதலில் மிட் கேட்டது என்ற விசாரணை கூடவே கூடாது. ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்: "அடுத்த ஃபைட்டுக்கு நான் உன்கூட வரேன்", "உன் பக்கம் வார்டு வைக்கிறேன்". சொன்னால் மட்டும் போதாது, போய்ச் செய்யவும் வேண்டும். மைக்கில் சொல்வது எழுதுவதைவிட நன்றாக வேலை செய்கிறது. எழுத்தில் அக்கறைகூடக் கிண்டலாகத் தெரியும்.

இரண்டாவது ரகத்தாரிடம் இதெல்லாம் பலிக்காது, ஏனென்றால் அவருக்குக் கோபமே இல்லை. புள்ளியைக் குறைப்பதுதான் அவர் வேலை. ரேங்க் ஆட்டத்தில் ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். வரிசையாகத் தோற்றுக் கீழே போனால் கத்துக்குட்டிகளோடு ஆடி அடித்து நொறுக்கலாம். திறமையை மறைத்து இப்படிக் கீழே ஆடுபவருக்கு 'ஸ்மர்ஃப்' என்று பெயர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பாட்மிண்டனில் நடந்ததும் இதே கணக்குதான்: நாக் அவுட்டில் தோதான எதிராளி கிடைக்க வேண்டும் என்று, குழு ஆட்டத்தில் சர்வீஸை வலையில் அடித்துத் தோற்கப் பார்த்த நான்கு ஜோடிகளை, அதாவது எட்டுப் பேரை, வெளியேற்றினார்கள். டோட்டாவை நடத்தும் வால்வ் 2023 செப்டம்பரில் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகளுக்குத் தடை போட்டது. உங்கள் கணக்கில் புகுந்து ஆடி 'ரேங்க் ஏற்றித் தருகிறேன்' என்று சொல்பவரிடமும் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவர் பிடிபட்டால் போவது உங்கள் கணக்கு.

காசுக்காகத் தோற்பவர்களும் உண்டு, அது தெருமுனை ஆட்டத்தில் அபூர்வம். ஆனால் நீங்கள் கல்லூரிப் போட்டிகளில் ஆடுகிறீர்கள் என்றால் ஒரு விஷயம்: 2014-இல் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டம் ஒன்றைப் பந்தயத்துக்காக விட்டுக்கொடுத்ததில் சம்பந்தப்பட்ட ஏழு பேரை, 2015 ஜனவரியில் வால்வ் தன் ஆதரவில் நடக்கும் போட்டிகளிலிருந்து தடை செய்தது. அமெரிக்காவின் நட்சத்திரங்கள் அவர்களில் இருந்தார்கள். யாராவது அப்படி ஒரு பேச்சை எடுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டி நடத்துபவரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள்.

இனி, நடக்கிறவர் நடந்துகொண்டே இருக்கிறார், நீங்கள் என்ன செய்வது? மியூட். குரல், எழுத்து, பிங் மூன்றையும் அடைத்துவிடுங்கள். அவருக்கு வேண்டியது உங்கள் கத்தல். பிறகு ரிப்போர்ட், அதுவும் ஆட்டம் முடியும்வரை காத்திருக்காமல் அது நடக்கும்போதே. 2021-இல் டோட்டாவில் 'ஓவர்வாட்ச்' என்ற முறை வந்தது (அதே பெயரில் உள்ள வேறு கேம் அல்ல). நல்ல நடத்தைப் புள்ளி உள்ள ஆட்டக்காரர்களே புகாருக்கான பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். ஆட்டத்தின் நடுவே ரிப்போர்ட் அடித்தால் அந்தக் கணம் பதிவில் குறிக்கப்படும், தீர்ப்புச் சொல்பவர் நாற்பது நிமிடத்தைத் துழாவ வேண்டியதில்லை. "எல்லாரும் இவனை ரிப்போர்ட் அடிங்க" என்று எதிரணியிடம் கெஞ்சுவதால் ஒரு பயனும் இல்லை. உங்கள் அணி உடைந்துவிட்டது என்று அவர்களுக்கு நீங்களே தந்தியடித்ததுதான் மிச்சம்.

கோபத்தில் நீங்களும் வெளியேறினால் 'லோ ப்ரையாரிட்டி' என்ற தனி வரிசையில் போடுவார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்களை ஜெயித்தால்தான் அங்கிருந்து வெளியே வர முடியும், கூட ஆடுவது யார் தெரியுமா? இதே நடு லேன் ஆசாமிகள்தான்.

மிச்சமுள்ள மூன்று பேரைக் காப்பாற்றுங்கள். "நாலு பேர் ஆடலாம், பேஸ்ல நின்னு பிடிப்போம்" என்று ஒருவர் சொன்னால் போதும், பெரும்பாலும் மற்றவர்கள் நிற்பார்கள். வெளியே போய்ச் சண்டை போடாமல், ஒருவர் ஓர ஓரமாக லேனைத் தள்ள, மற்ற மூவர் மேட்டில் நின்று காக்கலாம். எளிதாக ஜெயிக்கிறோம் என்று நினைக்கும் எதிரணி தனித்தனியாக உள்ளே ஓடிவரும், அதுதான் வாய்ப்பு. ஓசியில் சாகிறவரால் எதிரிக்குக் கிடைக்கும் லாபமும் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஒரு கொலைக்கான தங்கம் 300-இல் தொடங்கும், அதே ஆள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தால் குறைந்துகொண்டே போகும். அந்த ஆட்டத்தில் 15-ஆவது நிமிடத்திலிருந்து ஓட்டுப்போட்டுச் சரணடையவும் செய்யலாம். டோட்டாவில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது அந்த வழி இல்லை.

"எனக்கு மட்டும் ஏன் இவனுங்க வாய்க்கிறானுங்க" என்ற தம்பிக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்கள் அணியில் உங்களைத் தவிர நான்கு இடம், எதிரணியில் ஐந்து இடம். இருபது பேரில் ஒருவர் த்ரோ பண்ணுபவர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 ஆட்டத்தில் ஏறக்குறைய 19-இல் உங்கள் பக்கம் ஒருவராவது இருப்பார், 23-இல் எதிர்ப்பக்கம் ஒருவராவது இருப்பார். எதிர்ப்பக்கம் இருந்த ஆட்டங்களை நாம் "நல்லா ஆடினோம்" என்று நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடுதான் நிற்கும்: அந்த ஐந்தாவது ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. த்ரோ ஆட்டம் ஒன்றில் தோற்றதும் உடனே அடுத்த ஆட்டத்தைத் தேடும் விரல்தான் இரண்டு மணி நேரம் கழித்து ஐட்டங்களை விற்கும். வரிசையாக இரண்டு தோல்வி என்றால் நான் கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறேன். "சாப்பிட வா" என்று அம்மா கூப்பிடுவது தெரிந்தே ஆட்டம் தொடங்காதீர்கள். பாதியில் எழுந்து போனால் அணிக்குத் துரோகம், எழாவிட்டால் தோசைக்குத் துரோகம். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: "அஞ்சு நிமிஷம்" என்று பிள்ளை சொன்னால் அது நாற்பது நிமிடம், சாப்பிட்டு வரும்வரை நடுவில் நிறுத்தி வைக்கவும் வழியில்லை. திட்டுவதாக இருந்தால் தொடங்குவதற்கு முன்பே திட்டிவிடுங்கள்.

நீங்கள் ரிப்போர்ட் அடித்த ஒருவர் மீது நடவடிக்கை எடுத்ததாகப் பிறகு ஒரு நாள் டோட்டாவில் அறிவிப்பு வரும். தம்பிக்கு நேற்று ஒன்று வந்ததாம். எந்த ஆட்டத்துக்கு என்று அவருக்கு நினைவில்லை.